சலுகை அன்னாசிக்கு, கோட்டா ரப்பருக்கு

கேள்வி இதுதான். சிலாங்கூரில் எங்கள் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்து, இப்போது ஆறாம் படிவத்தில் வரலாறும் பொருளாதாரமும் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பாடத்தில் 'பேரரசு முன்னுரிமை' என்று வருகிறது. பிரிட்டிஷ் கொடிக்குக் கீழே இருந்த நாடுகளின் சரக்குக்கு பிரிட்டனில் வரிச்சலுகை இருந்ததாம். அப்படியென்றால் மலாயா ரப்பருக்கும் ஈயத்துக்கும் நல்ல லாபம் கிடைத்திருக்க வேண்டுமே? ஆனால் எங்கள் தாத்தா, 'வெள்ளைக்காரன் நம்ம ரப்பரை அமுக்கிட்டான், டயர் செய்யவே விடலை' என்பார். எது சரி, சார்? இப்போது ஐரோப்பா நம் செம்பனைக்குச் செய்வதும் அதே கதைதானா?"

தாத்தா சொல்வதில் உண்மை நிறைய இருக்கிறது. அவர் காட்டும் ஆயுதம்தான் வேறு. பிரிட்டன் நம் ரப்பருக்கு இறக்குமதி வரி போடவே இல்லை. அமுக்கியது வேறு வழிகளில். பாடப்புத்தகம் சொல்லும் சலுகையும் பொய்யில்லை, ஆனால் அது ரப்பருக்குப் போய்ச் சேரவில்லை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

முதலில் கணக்கு. வரிச்சலுகையின் பலன் என்பது நம் சரக்கு கட்டும் வரிக்கும் போட்டியாளர் சரக்கு கட்டும் வரிக்கும் உள்ள இடைவெளி. இடைவெளி இல்லையென்றால் பலனும் இல்லை. பிரிட்டன் நெடுங்காலமாக ஏறக்குறைய எல்லாச் சரக்கையும் வரியில்லாமல் உள்ளே விட்டுக்கொண்டிருந்த நாடு. உலகப் பொருளாதார நெருக்கடியில்தான் அந்தக் கொள்கையைக் கைவிட்டது. 1932 மார்ச்சில் அமலுக்கு வந்த இறக்குமதித் தீர்வைச் சட்டம் பொதுவாக 10 சதவீத வரி போட்டது. பேரரசுக்குள்ளிருந்து வரும் பொருளுக்கு விலக்கு. அதே ஆண்டு ஜூலை, ஆகஸ்டில் கனடாவின் ஒட்டாவா நகரில் மாநாடு கூடி, இந்த ஏற்பாட்டை ஒருவருக்கொருவர் கொடுக்கல் வாங்கலாக விரிவாக்கியது.

ஆனால் அந்தச் சட்டத்திலேயே வரியில்லாப் பட்டியல் ஒன்றும் இருந்தது. பிரிட்டிஷ் ஆலைகளுக்குத் தேவையான மூலப்பொருள்களெல்லாம் அதில் போயின: பஞ்சு, கம்பளி, உலோகத் தாது, கச்சா ரப்பர். மலாயா ரப்பர் வரியில்லாமல் போனது, சரி. டச்சுக்காரர்களின் சுமத்ரா ரப்பரும் அதே போல வரியில்லாமல்தான் போனது. இடைவெளி பூஜ்யம். இன்னொன்று, நம் ரப்பரின் பெரிய வாடிக்கையாளர் பிரிட்டனே அல்ல, அமெரிக்கா. 1920களில் உலக ரப்பரில் பாதிக்கு மேல் அங்கேதான் போனது, கார் தொழிலுக்காக. அமெரிக்காவும் கச்சா ரப்பருக்கு வரி போடவில்லை, ஈயக் கட்டிக்கும் (வெள்ளீயம், ஆங்கிலத்தில் டின்) போடவில்லை. ஆகவே மலாயாவின் இரண்டு தலையாய ஏற்றுமதிக்கும் பேரரசு முன்னுரிமை ஒரு காசு கூடக் கூடுதலாகக் கொண்டுவரவில்லை.

உண்மையாகவே பலன் பெற்றது டின்னில் அடைத்த அன்னாசி! ஜொகூரிலும் சிலாங்கூரிலும் சிங்கப்பூரிலும் இளம் ரப்பர் கன்றுகளுக்கு நடுவே அன்னாசியை ஊடுபயிராகப் போடுவார்கள். சீனத் தவுக்கேகளின் (முதலாளிகளின்) ஆலைகள் அதை டின்னில் அடைத்தன. உலகத்தில் ஹவாய்க்கு அடுத்து அதிக அன்னாசி டின் ஏற்றுமதி செய்தது மலாயாதான், பெரும்பகுதி பிரிட்டனுக்கே போனது. ஹவாய் அன்னாசி அங்கே வரி கட்ட வேண்டும், நம்முடையது கட்ட வேண்டாம். அது அசல் சலுகை, மறுக்க முடியாது. ஆனால் மலாயாவின் ஏற்றுமதிக் கணக்கில் ரப்பருக்கும் ஈயத்துக்கும் பக்கத்தில் வைத்தால் அன்னாசி எங்கோ ஒரு மூலையில் நிற்கும்.

இந்தச் சலுகை இலவசமாக வரவில்லை என்பதைப் பாடநூல்கள் அவசரமாகத் தாண்டிவிடுகின்றன. ஒட்டாவாவில் கனடாவும் ஆஸ்திரேலியாவும் தங்களுக்காகத் தாங்களே பேரம் பேசின. இந்தியாவுக்குக்கூட ஒரு தூதுக்குழு இருந்தது. மலாயா போன்ற சார்புப் பிரதேசங்களுக்காகப் பேசியவர் லண்டனின் குடியேற்ற நாட்டு அமைச்சர். அதாவது சலுகை கொடுப்பவரும், பதிலுக்கு எதைக் கேட்பது என்று முடிவு செய்பவரும் ஒரே அரசாங்கம். பதிலுக்கு மலாய் மாநிலங்கள் பிரிட்டிஷ் பொருள்களுக்குக் குறைந்த வரியும், மற்றவற்றுக்குக் கூடுதல் வரியும் போட்டன. சிங்கப்பூரும் பினாங்கும் சுங்கமில்லாத துறைமுகங்கள் என்பதால் அங்கே அந்த வித்தையைப் பெரிதாகக் காட்ட முடியவில்லை. அதற்கு வேறு வழி கண்டுபிடித்தார்கள்.

1934ஆம் ஆண்டு மே மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். என் பார்வையில் இந்தப் பாடத்துக்கு ஒட்டாவாவைவிட அந்த மாதம்தான் முக்கியம். லண்டனில் இரண்டு முடிவுகள் அப்போது எடுக்கப்பட்டன.

ஒன்று, துணி. நெருக்கடிக் காலத்தில் தோட்டக்கூலி இறங்கிக்கொண்டே போனது. 1930 வாக்கில் அரசு நிர்ணயித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதையும் வெட்டினார்கள். வேலையில்லாத ஆயிரக்கணக்கானோரைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பினார்கள். மிஞ்சியவர்கள் கைக்கு எட்டியது ஜப்பான் துணி. மலிவு. மலாயா சந்தையில், இங்கிலாந்தின் நெசவாலை வட்டாரமான லங்காஷயரின் துணியை அது ஓரங்கட்டிவிட்டது. லங்காஷயர் ஆலைகள் கூச்சல் போட்டன. 1927 முதல் 1931 வரையிலான சராசரி இறக்குமதியை அளவுகோலாக வைத்து, அதற்கு மேல் அந்நியத் துணி குடியேற்ற நாடுகளுக்குள் வரக்கூடாது என்று பிரிட்டன் அறிவித்தது. ஜப்பான் துணி வெள்ளமாக வருவதற்கு முந்தைய ஆண்டுகளை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த அளவுகோல் அது.

சிங்கப்பூர் வணிகர்கள் எதிர்த்தார்கள். வாங்கி விற்றே பிழைத்த துறைமுகம் அது, அக்கம்பக்கத்து நாடுகளுக்குப் போகும் வியாபாரம் கெடும் என்பது அவர்கள் கவலை. ஆனால் சிங்கப்பூர், பினாங்கு முதலியவை அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் சட்டசபையில் அதிகாரிகளும் மற்றவர்களும் சரிக்குச் சமம், தீர்மான வாக்கு ஆளுநரிடம். சட்டம் நிறைவேறியது. இலங்கையில் கதை இன்னும் பச்சையாக நடந்தது. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு சபை இருந்தது, அந்தச் சபை துணிக் கோட்டாவை ஏற்க மறுத்தது. லண்டன் அரசாணை போட்டு நேரடியாகத் திணித்துவிட்டது.

இதில் யார் யாருக்குச் சலுகை கொடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். லங்காஷயர் ஆலைக்குக் கிடைத்த சலுகைக்குப் பணம் கட்டியது கைலியும் சேலையும் வாங்கிய தோட்டத்து ஜனம். இறக்குமதி வரியாக இருந்தால் அந்தப் பணத்தில் ஒரு பங்காவது அரசு கஜானாவுக்கு வந்து, ரோட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போயிருக்கும். கோட்டா என்றால் அதுவும் இல்லை. துணி அரிதாகிறது, விலை ஏறுகிறது, அந்த ஏற்றம் அனுமதிச்சீட்டு வைத்திருக்கும் வியாபாரியின் பைக்குப் போகிறது.

இரண்டாவது முடிவு ரப்பர். அதே மே மாதம் பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ் முதலிய அரசுகள் அனைத்துலக ரப்பர் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன, ஜூன் முதல் அமல். ஒவ்வொரு பிரதேசமும் இவ்வளவுதான் ஏற்றுமதி செய்யலாம் என்று கோட்டா. இது முதல் தடவையும் அல்ல. வின்ஸ்டன் சர்ச்சில் குடியேற்ற நாட்டு அமைச்சராக இருந்த காலத்தில் அமைத்த ஸ்டீவன்சன் குழுவின் பரிந்துரைப்படி 1922 நவம்பர் முதல் 1928 அக்டோபர் வரை மலாயாவிலும் இலங்கையிலும் ஏற்றுமதியைச் சுருக்கிவைத்தார்கள். அதில் டச்சுக்காரர்கள் சேரவில்லை. நாம் குறைத்தோம், அவர்கள் கூட்டினார்கள். விலை 1925இல் ஏறியபோது அமெரிக்கா கொதித்தது. அமெரிக்க டயர் கம்பெனி ஃபயர்ஸ்டோன் ரப்பர் நட லைபீரியாவுக்குப் போனது, ஃபோர்டு பிரேசில் காட்டில் ரப்பர் நட்டார். 1928இல் தடை நீங்கியபோது விலை சரிந்தது, டச்சுப் பங்கு வளர்ந்திருந்தது. அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டுதான் 1934இல் டச்சுக்காரர்களையும் உள்ளே இழுத்தார்கள். அதற்குள் நிலைமையும் படுமோசம். 1932இல் லண்டனில் ஒரு ராத்தல் (அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு) ரப்பர் 2 பென்ஸுக்கும் கீழே போயிருந்தது.

விலையைத் தூக்கிப் பிடிக்க ஏற்றுமதியைக் குறைப்பது தோட்டத் தொழிலாளிக்கும் நல்லதுதானே என்று கேட்கலாம். ஓரளவு நல்லதுதான், வேலை முழுக்கப் போய்விடாமல் காத்தது. ஆனால் கோட்டாவைப் பிரிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரிய தோட்டத்துக்குக் கணக்குப் புத்தகம் உண்டு, கிராணி (குமாஸ்தா) உண்டு, கம்பெனி ஏஜெண்டு உண்டு. எவ்வளவு ரப்பர் பால் எடுத்தோம் என்று எழுதிக் காட்டலாம். நாலு ஏக்கர் வைத்திருக்கும் கம்பத்துக்காரரிடம் (கிராமத்துக்காரரிடம்) என்ன இருக்கும்? ஏக்கருக்கு இவ்வளவுதான் கிடைக்கும் என்று அதிகாரிகள் பொத்தாம்பொதுவாக ஓர் அளவு வைத்தார்கள். உண்மையில் சிறுதோட்டங்களில் மரத்தை நெருக்கி நட்டிருந்ததால் ஏக்கருக்கு விளைச்சல் அதிகம். போருக்குப் பிறகு இதை ஆராய்ந்த பொருளியலாளர் பீட்டர் பாவர், சிறுதோட்டக்காரர்களின் கோட்டா அவர்கள் எடுக்கக்கூடிய அளவைவிடக் குறைவாகவே மதிப்பிடப்பட்டது என்று காட்டினார். அவர் இடதுசாரி அல்ல, தடையில்லாச் சந்தையை ஆதரித்தவர், அதனால் அவர் சொன்னதற்கு எடை கூடுதல். இதற்கு மேல் புது நடவுக்கும் தடை. வேறு நிலம் இல்லாத, கைவசம் உள்ள மரத்தை வெட்டி மறுநடவு செய்தால் ஐந்தாறு வருடம் சோற்றுக்கு வழியில்லாத ஆளுக்கு அந்தத் தடை என்ன செய்திருக்கும் என்று பாருங்கள். தாத்தா சொன்ன 'அமுக்கிட்டான்' இங்கேதான் பொருந்துகிறது. கம்பெனித் தோட்டத்தைவிட அதிகமாக அமுங்கியது மலாய்க்காரர், சீனர், சில இடங்களில் நம்மவர் வைத்திருந்த சின்னத் துண்டுகள்.

1934ஐ விட்டு நகர்வதற்கு முன் அமெரிக்கா செய்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் செம்பனை முதன்முதலாக வெளிநாட்டு வரியில் அடிபட்டதும் அப்போதுதான். 1917இல் நம் ஊருக்குப் பக்கத்தில், கோலசிலாங்கூர் வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1934இல் அமெரிக்க வருவாய்ச் சட்டம் வெப்பமண்டல எண்ணெய்களுக்கு ராத்தலுக்கு 3 சென்ட் வரி போட்டது. செம்பனை எண்ணெயும் அதில் சிக்கியது. தேங்காய் எண்ணெய்க்கு இன்னொரு வினோதம். பிலிப்பைன்ஸ் அப்போது அமெரிக்காவின் சொந்தப் பிரதேசம், அமெரிக்கக் கொடி பறக்கும் நிலம். அதன் தேங்காய் எண்ணெய்க்கும் 3 சென்ட் உண்டு. மற்ற நாடுகளின் தேங்காய் எண்ணெய்க்கு 5 சென்ட். அமெரிக்கப் பருத்திவிதை எண்ணெய்க்கும் மாட்டுக் கொழுப்புக்கும் அந்த வரி கிடையாது. மணிலாக்காரருக்கு இது 2 சென்ட் சலுகையா, 3 சென்ட் பாரபட்சமா? யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து இரண்டும். வாஷிங்டன் முதல் கணக்கைச் சொன்னது, மணிலா இரண்டாவதைச் சொன்னது. உங்கள் பாடத்தில் 'முன்னுரிமை' என்ற சொல் வரும்போதெல்லாம் யாரோடு ஒப்பிட்டு என்று கேட்டுப் பழகுங்கள்.

இனி ஈயம். இது வேறு மாதிரிக் கதை, இன்னும் பழையது. நம் ஊரிலேயே ஈயம் தோண்டும் கப்பல்கள் குளங்களில் மிதந்த காலத்தைப் பெரியவர்கள் சொல்வார்கள். மண்ணிலிருந்து பிரித்த ஈயத்தாதுவை உருக்கிக் கட்டியாக்கும் ஆலைகள் சிங்கப்பூருக்குப் பக்கத்திலுள்ள பிரானி (புலாவ் பிரானி) தீவிலும், பட்டர்வொர்த்திலும், பினாங்கிலும் இருந்தன. 1887இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனி அதில் முதன்மை. 1903இல் அமெரிக்க முதலாளிகள் நியூ ஜெர்சியின் பேயோன் என்ற ஊரில் உருக்காலை வைத்து, மலாயாத் தாதுவை அங்கே கொண்டுபோகப் பார்த்தார்கள். உடனே கூட்டு மலாய் மாநில அரசு ஒரு வரி போட்டது: நீரிணைக் குடியேற்றங்களில் உருக்குவதற்கு இல்லாமல் வெளியே போகும் தாதுவுக்குத் தாங்க முடியாத கூடுதல் ஏற்றுமதி வரி. பின்னர் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் விலக்கு கொடுத்தார்கள். அமெரிக்கத் திட்டம் படுத்துவிட்டது.

இங்கே பாரபட்சம் வாங்கும் நாட்டின் துறைமுகத்தில் நடக்கவில்லை, நம் வாசலிலேயே நடந்தது. சரக்கு எங்கே போகலாம் என்பதை ஏற்றுமதி வரியே தீர்மானித்தது. உருக்காலைகள் மலாயாவிலேயே தங்கியது நல்லதுதான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் தாது விற்ற சுரங்கக்காரருக்கு வாங்க ஆள் குறைந்தது. ஆள் குறைந்தால் விலை எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதே யுக்தியைப் பிற்பாடு வேறு இடங்களிலும் செய்தார்கள். முதல் உலகப் போருக்கு முன் மேற்கு ஆப்பிரிக்காவின் செம்பனைக் கொட்டைகள் பெரும்பாலும் ஜெர்மனிக்குப் போய் அங்கே எண்ணெய் பிழியப்பட்டன. அதைத் திருப்ப, பேரரசுக்கு வெளியே போகும் கொட்டைக்கு டன்னுக்கு 2 பவுன் (பிரிட்டிஷ் பவுண்டு) கூடுதல் வரியை 1919இல் அமலாக்கினார்கள், எதிர்ப்பு வந்து 1922இல் எடுத்தார்கள். இந்தியாவில் அதே 1919இல் பதப்படுத்தாத தோலுக்கு 15 சதவீத ஏற்றுமதி வரி, பேரரசுக்குள் பதனிடப் போனால் அதில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல்காரர்கள் அந்தக் காலத்தைத் தாண்டி வந்தவர்கள்தான். அந்தத் தள்ளுபடியும் 1923இல் போனது.

சரி, டயர். தாத்தாவின் இரண்டாவது புகார். 1927இலிருந்து பிரிட்டன் இறக்குமதி டயருக்கு 33⅓ சதவீத வரி வைத்திருந்தது உண்மை. ஆனால் பேரரசுக்குள் செய்த டயருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதாவது மலாயா டயர் செய்திருந்தால் அமெரிக்க டயரைவிட அதற்குச் சலுகைதான் கிடைத்திருக்கும்! ஆகவே சுங்க வரிதான் டயர் தொழிலைத் தடுத்தது என்று பரீட்சையில் எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

தடுத்தது என்ன? டயரில் ரப்பர் ஒரு பங்குதான். நூல் துணி, கரித்தூள், இரசாயனம், விலையுயர்ந்த இயந்திரம், அதற்கும் மேல் பக்கத்திலேயே கார் வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் வேண்டும். இங்கே கார் குறைவு. சிங்கப்பூரில் சீனத் தொழிலதிபர் டான் கா கீ ரப்பர் காலணியும் டயரும் செய்தார், எவ்வளவோ போராடினார். நெருக்கடியும் வங்கிக் கடனும் சேர்ந்து 1934இல் அவர் கம்பெனி மூடப்பட்டது. பிரிட்டிஷ் டயர் கம்பெனி டன்லப்பைப் பாருங்கள். மலாயாவில் பெரும் ரப்பர் தோட்டங்கள் வைத்திருந்த கம்பெனி அது. ஆனால் டயர் ஆலையை 1936இல் வங்காளத்தின் சாகஞ்ச்சில் திறந்தது, பெட்டாலிங் ஜெயாவில் ஆலை வந்தது 1960களில். இந்தியாவும் அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில்தானே இருந்தது? ஆம், ஆனால் 1919க்குப் பிறகு இந்தியாவின் சுங்க வரியை இந்திய அரசே பெரும்பாலும் தீர்மானிக்கலாம் என்ற மரபு உருவாகியிருந்தது. அங்கே வரிச்சுவர் எழும்பியது, பெரிய சந்தையும் இருந்தது. வெளியிலிருந்து விற்பதைவிட உள்ளே வந்து செய்வது லாபம் என்றாகிவிட்டது. மலாயாவில் அப்படிச் சுவர் எழுப்ப யாருக்கும் அதிகாரமும் இல்லை, ஆசையும் இல்லை. அரசுக்குக் காசு வந்தது ரப்பர், ஈய ஏற்றுமதி வரியிலிருந்தும் அபின் வருமானத்திலிருந்தும். தொழிற்சாலை வந்து என்ன ஆகவேண்டும்?

போருக்குப் பிறகு இந்தக் கட்டுப்பாடு நாணயத்தின் வழியாக வந்தது. மலாயா வெள்ளி (அன்றைய டாலர் நாணயம்) 1906இலிருந்து 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று பவுனோடு கட்டிவைக்கப்பட்டிருந்தது. ரப்பரும் ஈயமும் அமெரிக்காவில் சம்பாதித்த டாலர் லண்டனிலிருந்த பொதுக் குவியலுக்குப் போனது. பேரரசில் டாலர் அதிகமாகச் சம்பாதித்துக் கொடுத்த குடியேற்ற நாடு மலாயாதான். ஆனால் அந்த டாலரை எடுத்து அமெரிக்க இயந்திரமோ லாரியோ வாங்க நினைத்தால் அனுமதி வேண்டும், பவுன் வட்டாரத்தில் கிடைக்கும் பொருளென்றால் அனுமதி எளிதில் கிடைக்காது. 1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுனை 4.03 டாலரிலிருந்து 2.80ஆக இறக்கியபோது மலாயா வெள்ளியும் கூடவே இறங்கியது. நம்மை யாரும் கேட்கவில்லை. எனக்கு இது வரிச்சலுகைகளைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது. சுங்கப் பட்டியலில் எங்கேயும் தெரியாது, அதனால் யாரும் பேசுவதில்லை.

கொரியப் போர் வந்தபோது நடந்ததுதான் எனக்குப் பிடித்த ஒப்பீடு. 1949இல் ராத்தல் 40 காசு வாக்கில் கிடந்த ரப்பர், 1951 தொடக்கத்தில் 2 வெள்ளியைத் தாண்டியது. அப்புறம் 1951 மே மாதம் ஐக்கிய நாடுகள் சபை சீனாவுக்குப் போர்ப்பொருள் விற்கத் தடை விதித்தது. ரப்பரும் அதில் சேர்ந்தது. பிரிட்டன் மலாயாவிலிருந்து சீனாவுக்குப் போகும் ரப்பரை நிறுத்தியது. மலாயாவில் அப்போது அவசரகாலம், காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை. ஆகவே அரசியல் காரணம் புரிகிறது. ஆனால் விற்பதா வேண்டாமா என்ற கேள்வி இங்கே எழவே இல்லை.

இலங்கை 1948இல் சுதந்திரம் பெற்றிருந்தது, ஐ.நா. உறுப்பினராக இன்னும் ஆகவில்லை. அதற்கு அரிசிப் பஞ்சம், கையில் ரப்பர். 1952 டிசம்பரில் சீனாவோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டது: ஆண்டுக்கு 50,000 டன் ரப்பர், பதிலுக்கு 270,000 டன் அரிசி. ரப்பருக்குச் சீனா உலகச் சந்தை விலையைவிடக் கூடுதலாகவே கொடுத்தது. அமெரிக்கா கோபித்துக்கொண்டு உதவியை நிறுத்தியது, அந்த விலையையும் இலங்கை கொடுத்தது. களுத்துறையில் பால் வெட்டியவரும் கோலசிலாங்கூரில் பால் வெட்டியவரும் ஒரே வேலைதான் செய்தார்கள். ஒருவர் நாட்டு ரப்பருக்கு இரண்டு சந்தையில் எது நல்லது என்று தேர்ந்தெடுக்க முடிந்தது, மற்றவர் நாட்டுக்கு முடியவில்லை. 1956 வாக்கில்தான் மலாயா ரப்பருக்குச் சீனக் கதவு மறுபடி திறந்தது.

ஹாங்காங்கைப் பற்றியும் இரண்டு வரி, ஏனென்றால் உங்கள் பாடத்திட்டத்தில் 'சார்புப் பிரதேசம்' என்றால் கேள்வி அதிலிருந்தும் வரலாம். அது பிரிட்டிஷ் குடியேற்றம் என்பதால் அதன் பருத்தித் துணி பிரிட்டனுக்குள் வரியில்லாமல் போனது. நன்றாக விற்றது, அதுதான் குற்றமாகிவிட்டது. 1959இல் லங்காஷயரின் நெருக்குதலில் ஹாங்காங் ஆலைகள் தாங்களே அளவைக் குறைத்துக்கொள்வதாக 'மனமுவந்து' ஒப்புக்கொண்டன. அடுத்து அனைத்துலகத் துணிக் கோட்டா ஏற்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, கடைசியாக 2005 ஜனவரியில்தான் முடிந்தன. 1971இல் ஐரோப்பியச் சமூகம் வளரும் நாடுகளுக்கு வரிச்சலுகைத் திட்டம் கொண்டுவந்தபோது ஹாங்காங்கையும் சேர்த்தார்கள், ஆனால் அதன் துணிக்கும் காலணிக்கும் கிடையாது என்றார்கள். அங்கே பெரிதாக விற்றுக்கொண்டிருந்தவையே அவைதாம்.

கடைசிக் கேள்வி, செம்பனை. ஐரோப்பா செய்வது அதே கதையா? பாதி மட்டும். மலாயா 1957 அக்டோபரிலேயே காட் (GATT) என்ற அனைத்துலக வணிக உடன்பாட்டில் தன் பெயரில் உறுப்பினரானது. பிரிட்டன் 1973இல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தபோது பழைய காமன்வெல்த் சலுகைகள் தேய்ந்து மறைந்தன, ஐரோப்பாவின் வளரும் நாட்டுச் சலுகை சில காலம் கைகொடுத்தது. மலேசியாவின் வருமானம் உயர்ந்துவிட்டது என்று 2014 ஜனவரியில் அதையும் எடுத்துவிட்டார்கள். அடுத்து செம்பனை எண்ணெயில் செய்த எரிபொருள் காடழிப்புக்குக் காரணமாகிறது என்று சொல்லி, அதைப் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் இலக்கில் கணக்கில் சேர்ப்பதை 2030க்குள் படிப்படியாக நிறுத்த முடிவு செய்தார்கள். ஐரோப்பாவின் சொந்த எண்ணெய்வித்து விவசாயிகளுக்கு இதனால் ஆதாயம் இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் காடு அழிந்ததும் பொய்யில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

வித்தியாசம் என்னவென்றால், 2021 ஜனவரியில் மலேசியா உலக வர்த்தக நிறுவனத்தில் தன் பெயரில் வழக்குப் போட்டது. 2024 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. சுற்றுச்சூழலைக் காரணம் காட்டி இப்படிக் கட்டுப்பாடு வைக்க ஐரோப்பாவுக்கு உரிமை உண்டு, ஆனால் அதை வகுத்த விதத்திலும் நடத்திய விதத்திலும் குறைகள் உண்டு என்றது நடுவர் குழு. இரு தரப்பும் வெற்றி என்று அறிக்கை விட்டன. 1934இல் துணிக் கோட்டாவை எதிர்த்த சிங்கப்பூர் வணிகருக்கு வழக்குப் போட ஓர் இடமே இல்லை.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இது நம் அரசு செய்வது. கச்சா செம்பனை எண்ணெய்க்கு மாதாமாதம் நிர்ணயிக்கும் ஏற்றுமதி வரி உண்டு. சுத்திகரித்த எண்ணெய்க்கு அந்தச் சுமை இல்லாமலோ குறைவாகவோ வைத்திருக்கிறார்கள். 1970களில் சுத்திகரிப்பு ஆலைகளை வளர்க்கக் கொண்டுவந்த ஏற்பாடு, வெற்றியும் பெற்றது. இந்தியா பதிலுக்குச் சுத்திகரித்த எண்ணெய்க்கு இறக்குமதி வரியைக் கூட்டிவைத்துத் தன் ஆலைகளைக் காக்கிறது. அடிப்படையில் 1903 ஈய வரியின் அதே இயந்திரம்தான், இப்போது ஓட்டுபவர்கள் நாமே. கச்சா எண்ணெய்க்கு வரி ஏறினால் ஆலை குலைக்குக் கொடுக்கும் விலையில் அது இறங்கும். உங்கள் பக்கத்தில் ஐந்து பத்து ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர் யாராவது இருந்தால் பழைய விற்பனை ரசீதுகளைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாதத்து வரி விகிதத்தையும் பக்கத்தில் எழுதி, குலை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள் தம்பி. உலக விலை ஏற்ற இறக்கத்தைக் கழிக்க மறந்துவிடாதீர்கள், அதில்தான் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். உங்கள் பொருளாதாரப் பாடத்துக்கு அதுவே நல்ல ஆய்வுக் கட்டுரை ஆகிவிடும்.